பாவத்தைப் பிறரிடம் சொல்லலாமா? குடியை விடுவோர் கூடும் சபை பற்றி

"ஹஜ்ரத், நான் குடிப்பவன் என்று முன்பின் அறியாத பத்துப் பேர் முன்னிலையில் சொன்னால், பாவத்தைப் பகிரங்கப்படுத்திய குற்றம் என்மேல் வருமா?"

இக்கேள்வி என்னிடம் கேட்கப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. கேட்டவர் எங்கள் பகுதியில் கடை வைத்திருப்பவர், நாற்பதைக் கடந்தவர். நான் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில் என்னிடம் குர்ஆன் ஓதிய பிள்ளைகளுள் ஒருவர். அவருடைய இசைவைப் பெற்றே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கேள்விக்கு விடை கூறுமுன், அக்கேள்வி பிறந்த சூழலைச் சொல்லியாக வேண்டும். அதில் என்னுடைய பிழையும் அடங்கியிருக்கிறது.

ஷஅபான் மாதத்தின் கடைசி நாள்களில் ஓர் இரவு அவர் என் வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடிப்பதாகவும், கடந்த மூன்றாண்டுகளாகக் காலையில் எழுந்தவுடன் சிறிது குடித்தால்தான் கை நடுங்காமல் கடையின் கல்லாப் பெட்டியைத் திறக்க முடிகிறது என்றும் சொல்லி அழுதார். மார்க்கக் கல்வி கற்ற ஒருவன் இத்தகைய நேரத்தில் சொல்லக்கூடியதையே நானும் சொன்னேன். தவ்பாவின் வாயில் திறந்தே இருக்கிறது, ரமளான் வருகிறது, முதல் பிறையோடு நிறுத்திவிடுங்கள் தம்பி, அல்லாஹ் வலிமை தருவான் என்றேன். அவரும் அவ்வாறே நிறுத்தினார். பிறை தென்பட்ட மாலைக்குப் பின் ஒரு துளியும் அருந்தவில்லை.

முதல் நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கோப்பையை அவரால் இரு கைகளாலும் பிடிக்க இயலவில்லை. அன்றிரவு சுவரெங்கும் எறும்பு ஊர்வதாகச் சொல்லித் துடைக்கத் தொடங்கினார். இறந்துபோன தம் அண்ணன் வாசலில் நிற்பதாகப் பேசினார். வீட்டார் ஜின்னின் தீண்டல் என்று அஞ்சி என்னை அழைத்தனர். நான் போய் ஆயத்துல் குர்ஸீ ஓதித் தண்ணீரில் ஊதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஸஹர் நேரத்துக்குச் சற்று முன் அவருக்கு வலிப்பு வந்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். அங்கிருந்த இளம் மருத்துவர் அவருடைய மனைவியிடம் கேட்ட முதற்கேள்வி, "எப்போது குடியை நிறுத்தினார்?" என்பதாகும். அடுத்த கேள்வி, "யார் திடீரென்று நிறுத்தச் சொன்னது?"

ஓதிப்பார்த்தலை நான் மறுக்கவில்லை. அது ஸுன்னத்தில் உள்ளது. அதனோடு நின்றுவிட்டதே என் தவறு. அன்று அந்த மனிதர் இறந்திருந்தால் அதில் எனக்கும் பங்கிருந்திருக்கும். அதனால், நான் பின்னர்க் கேட்டறிந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். மது மூளையின் செயலை மந்தப்படுத்தும் பொருள். அன்றாடம் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை அம்மந்தத்தை ஈடுகட்டத் தன் விழிப்பு விசையைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஒரு கதவை இருபுறமிருந்தும் இருவர் தள்ளிக்கொண்டிருக்கையில் ஒருவர் திடீரென்று விலகினால் என்ன ஆகுமோ, குடியைச் சட்டென்று நிறுத்தும்போது அதுவே ஆகிறது. கடைசிக் குடிக்குப் பின் சில மணி நேரங்களில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை சித்தம் கலங்கும் நிலை ஏற்படலாம். மருத்துவம் இன்றேல் அது உயிரைப் பறிக்கவும் கூடும். குடிப்பவர் எல்லாருக்கும் இவ்வாறு நேர்வதில்லை. காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற கட்டத்தை அடைந்தவர், முன்னர் நிறுத்தியபோது வலிப்புக் கண்டவர் ஆகியோர் மருத்துவர் துணையின்றி நிறுத்தவே கூடாது. மருத்துவமனையில் சில நாள்களுக்கு டயசிபாம் போன்ற மருந்துகளை அளவாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். உடலில் வற்றிப்போன பி1 வைட்டமினை ஊசி வழியே ஏற்றுகிறார்கள்.

இவர் கண்விழித்த பின் பகலில் மாத்திரை உண்ண மறுத்தார், நோன்பு என்று. உறவினர் ஒருவர், மாத்திரையும் போதைதானே என்று வேறு குழப்பினார். நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் வெளிப்படையாக உள்ளது. தம் கைகளாலேயே அழிவில் விழ வேண்டாம் என்னும் தடை அதே அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தில் உள்ளது. மருத்துவர் அளந்து கொடுத்து அளந்தே நிறுத்தும் மருந்து, இன்பத்துக்காக அருந்தும் கம்ரு ஆகாது. இவ்வளவையும் அவர் கட்டிலருகில் உட்கார்ந்து சொன்ன பிறகே மாத்திரையை விழுங்கினார்.

பத்து நாள்களில் வீடு திரும்பினார். பெருநாள் தொழுகைக்கு முதல் ஸஃப்பில் நின்றார். ஷவ்வால் பிறந்து ஏழாம் நாள் மறுபடியும் குடித்தார்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மனநல மருத்துவர் வியப்படையவில்லை. உடலிலிருந்து மதுவை வெளியேற்றுவது ஒரு வார வேலை, குடிக்காமல் வாழக் கற்பது ஆண்டுக்கணக்கான வேலை, அதை மருந்து கற்றுக்கொடுக்காது என்றார். நகரில் வாரந்தோறும் கூடும் ஒரு குழுவைக் குறிப்பிட்டு அங்கே போகச் சொன்னார். அந்தக் குழு ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் என்னும் உலகளாவிய தோழமையைச் சேர்ந்தது; சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். கூட்டம் நடப்பதோ ஒரு தேவாலயத்தை ஒட்டிய பள்ளிக்கூட அறையில். அங்கே ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லித் தாம் குடிநோயாளி என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அதன்பின் வந்த கேள்விதான் முதலில் நான் எழுதியது.

சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஆல்ககால் என்ற சொல்லே நம் அரபு மொழியின் 'அல்குஹ்ல்' என்பதிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. கண்ணுக்கு இடும் சுர்மாவின் நுண்பொடியைக் குறித்த அச்சொல், இரசவாதிகளின் கையில் எதனுடைய நுண்சாரத்துக்கும் ஆகி, முடிவில் மதுவின் சாரத்தில் நிலைத்தது. 'கம்ரு' என்பது மூடுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வருவது; பெண்களின் முக்காட்டைக் குறிக்கும் 'கிமார்' என்பதும் அதே வேர்தான். அறிவை மூடுவதெல்லாம் கம்ரு என்று உமர் (ரலி) மிம்பரில் நின்று வரையறுத்ததை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். குடிக்கு அடிமைப்படுவதைக் குறிக்கும் 'இத்மான்' என்ற சொல்லை மட்டும் இலக்கணமாகவே கற்பித்துவந்தேன்: விடாது தொடர்தல், ஒட்டிக்கொள்ளுதல். அச்சொல்லின் உள்ளே ஒரு மனிதன் கிடக்கிறான் என்பதை மருத்துவமனையில்தான் கண்டேன்.

ஏ.ஏ. தோன்றிய வரலாறு, இக்கேள்விக்கு விடை காண உதவும். நியூயார்க்கின் பங்குச் சந்தையில் தொழில் செய்துவந்த பில் வில்சன் என்பவர் 1934 டிசம்பரில் குடியை நிறுத்தியிருந்தார். 1935 மே மாதம் ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகருக்கு வந்து, மேற்கொண்ட வணிக முயற்சி தோல்வியுற, தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடத்து இரைச்சலைக் கேட்டுக்கொண்டு தனியே நின்றார். உள்ளே போனால் ஒழிந்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. அங்கிருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்துத் தம்மைப் போன்ற இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அவ்வழியே அறிமுகமானவர் ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால்மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று வந்த மருத்துவர் ஆறு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் அதுவரை பேசிய அனைவரும் புத்தி சொன்னவர்கள். இந்த ஒருவர் மட்டும் தம் கதையைச் சொன்னார். ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகிய 1935 ஜூன் 10ஐயே ஏ.ஏ.வின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அவர்களது நூல் 1939இல் வெளியாயிற்று. அதன் பெயரே தோழமைக்கும் பெயராயிற்று. இந்தியாவுக்கு இது வந்தது 1957இல்.

ஆக, அச்சபையின் அடிப்படை உபதேசம் அன்று. அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன், விழுந்து கிடப்பவனோடு பேசுவது. நம் இல்முத் தஸவ்வுஃபில் இதற்கு இடமில்லையா என்று பார்த்தேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில், மனிதன் தன் குறைகளை அறிவதற்கான நான்கு வழிகளைக் கூறுகிறார். அவற்றுள் உண்மை பேசும் தோழனை நாடுவதும், மக்களோடு கலந்து பிறரிடம் காணும் குறையைத் தன்னிடம் தேடுவதும் இரண்டு வழிகள். தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றுவிட்டு மன்னிப்புத் தேடிப் புறப்பட்டவனைப் பற்றிய ஹதீஸ் எல்லாருக்கும் தெரியும். தவ்பா உண்டா என்று அவன் கேட்டபோது, உண்டு என்று சொன்னதோடு அந்த ஆலிம் நிற்கவில்லை. உன் ஊரை விட்டு நல்லோர் வாழும் இன்ன ஊருக்குப் போ என்றும் சொன்னார். இந்த ஹதீஸை எத்தனையோ மேடைகளில் நான் பேசியிருக்கிறேன். ஷஅபான் கடைசியில் என் வீட்டுத் திண்ணையில் அழுதவருக்கோ முற்பாதியை மட்டும் சொல்லியனுப்பினேன்.

இனிக் கேள்விக்கு வருவோம். இரவில் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, விடிந்ததும் தானே அதை ஊரறியச் சொல்பவனைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அத்தகையோர் 'முஜாஹிர்' எனப்படுவர். கேட்டவரின் அச்சத்துக்கு ஆதாரம் இதுவே; அச்சம் நியாயமானது. ஆனால் அந்த ஹதீஸின் தொனியைக் கவனிக்க வேண்டும். அங்கே பேசுபவன் பாவத்தைப் பெருமையாகவோ பொருட்படுத்தாமலோ கூறுபவன். வெட்கத்தின் திரையைத் தானே கிழிப்பவன். இமாம் நவவி (ரஹ்) தம் அல்அத்கார் நூலில் இதைப் பிரித்துக் காட்டுகிறார். பாவம் செய்தவர் அதைப் பிறருக்கு அறிவிப்பது வெறுக்கத்தக்கது. எனினும் தம் ஷைகிடமோ அவரைப் போன்ற ஒருவரிடமோ, அப்பாவத்திலிருந்து வெளியேற வழி கிடைக்கும், அல்லது மீண்டும் விழாமல் தப்பும் முறையை அவர் கற்பிப்பார், அல்லது விழுந்த காரணத்தை அறிந்து கூறுவார், அல்லது துஆச் செய்வார் என்ற எதிர்பார்ப்பில் தெரிவித்தால் குற்றமில்லை. அது நல்லதே என்பது அவரது கருத்து. இங்கே 'அவரைப் போன்ற ஒருவர்' என்னும் தொடர் விரிவானது. குடியிலிருந்து வெளியேறும் வழியை நடந்தே அறிந்தவரைவிட அத்தொடருக்குப் பொருத்தமானவர் யார்?

மேலும் ஏ.ஏ.வின் அமைப்பே மறைத்தலின்மேல் எழுந்தது. அனானிமஸ் என்பதற்குப் பெயர் வெளியிடாதோர் என்றுதான் பொருள். அரபியில் 'அல்மஜ்ஹூலூன்' என்கிறார்கள். முதற்பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள், அதுவும் வேறாக இருந்தால் யாரும் கேட்பதில்லை. வருகைப் பதிவேடு இல்லை. அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது முதன்மையான ஒழுங்கு. நம் ஃபிக்ஹில் 'ஸத்ரு' எனப்படும் மறைத்தலை, நம் தெருக்களைவிட அவ்வறை நன்றாகக் காப்பாற்றுகிறது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இவ்வாறு விடை கூறியதும் அவர், "அப்படியென்றால் நீங்களும் வாருங்கள் ஹஜ்ரத்" என்றார். இந்தக் கூட்டங்களில் இருவகை உண்டு. குடியை நிறுத்த விரும்புவோர் மட்டும் அமர்வது மூடிய கூட்டம். குடும்பத்தாரும் நண்பர்களும் மாணவர்களும் வரக்கூடியது திறந்த கூட்டம். முதன்முறை உடன் செல்பவர், எது திறந்த கூட்டம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் அப்படிக் கேட்டே போனோம். தாடியும் ஜிப்பாவும் தொப்பியுமாக நான் அந்த வளாகத்துக்குள் நுழைந்தபோது கூச்சமாக இருந்தது, உண்மைதான். அறையில் பள்ளிப் பிள்ளைகளின் பெஞ்சுகள். பதினைந்து பேர் இருக்கலாம். மூட்டை தூக்குபவரும் வங்கி அதிகாரியும் அடுத்தடுத்து அமர்ந்திருந்தார்கள். தேநீர் வந்தது. அன்றைய கூட்டத்தை நடத்தியவர் தலைவர் அல்லர். வாரத்துக்கு ஒருவர் மாறுகிறார். பன்னிரண்டு படிகள் என்று அவர்கள் அழைக்கும் நெறிகளை ஒருவர் வாசித்தார். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர் பேசுகையில் மற்றவர் குறுக்கிடுவதில்லை. முடிந்தபின் அறிவுரை கூறுவதும் இல்லை. பேச விருப்பமில்லையென்றால் தலையசைத்து அடுத்தவருக்கு விட்டுவிடலாம். நம்மவர் முதல் மூன்று கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானோ, அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒருவரைக் கண்டு திடுக்கிட்டேன். அவரும் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரென்று இங்கும் எழுத மாட்டேன். ஐந்து ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கிறார் என்று அன்று அவர் பேசியபோது அறிந்தேன்.

கட்டணம் கிடையாது. இறுதியில் ஒரு பை சுற்றி வரும். விரும்பியவர் விரும்பியதை இடலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களது பன்னிரண்டு மரபுகளுள் ஒன்று. 1950இல் அவை முறையாக ஏற்கப்பட்டன. நான் இட்ட ஐம்பது ரூபாயை அன்புடன் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உறுப்பினரிடம் மட்டுமே வாங்குவார்களாம். சந்தாவிலும் வசூலிலும் காலம் கழிக்கும் நம் நிறுவனங்களை நினைத்துக்கொண்டேன்.

சில கூட்டங்களுக்குப் பின் புதியவர், மூத்த உறுப்பினர் ஒருவரைத் தமக்கு வழித்துணையாகத் தேர்ந்துகொள்வார், ஸ்பான்சர் என்கிறார்கள். குடிக்க வேண்டும் என்ற வெறி எழும் நேரத்தில், அது நள்ளிரவேயானாலும், அவரை அழைக்கலாம். தொடக்கத்தில் தொண்ணூறு நாள்களில் தொண்ணூறு கூட்டங்களுக்குப் போகச் சொல்வது அவர்களிடையே உள்ள வழக்கம். பெருநகரில் அது இயலும்; எங்கள் போன்ற ஊர்களில் வாரம் ஒன்றோ இரண்டோதான். இடைப்பட்ட நாள்களைத் தொலைபேசியே நிரப்புகிறது. 2020 கொரோனா காலத்துக்குப் பின் இணையவழிக் கூட்டங்கள் பெருகியிருப்பதால், பக்கத்தில் குழு இல்லாதவர்க்கும் வெளிநாட்டில் வேலை செய்பவர்க்கும் வழியிருக்கிறது. ஆயினும் ஒரே அறையில் அடுத்தவர் தோளோடு அமர்வதற்கு அது ஈடாகாது. ஜமாஅத்துத் தொழுகையின் அருமை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குழுவைக் கண்டறிவது கடினமன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் உள்ள மனநலப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாக விவரம் பெறலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இதில் தமிழிலேயே பேசலாம். குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை, குடும்பத்தாரையும் சேர்த்தே சிகிச்சை அளிப்பதில் முன்னோடி. ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும். மறுவாழ்வு இல்லம் என்ற பெயரில் ஆளைப் பூட்டிவைப்பதும் அடிப்பதும் செய்யும் இடங்களும் உள்ளன. உரிமம் உண்டா, மனநல மருத்துவர் வருகிறாரா, குடும்பத்தார் நேரில் பார்க்க விடுகிறார்களா என்று கேட்காமல் யாரையும் ஒப்படைக்காதீர்கள்.

அவருடைய மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் கடையின் கணக்கையும் கணவரின் பொய்யையும் சேர்த்துச் சுமந்தவர். மருத்துவமனை வராந்தாவில் என்னிடம், "எல்லாரும் அவுகளைப் பத்தியே கேக்குறீங்க ஹஜ்ரத், எனக்குத் தூக்கம் வந்து எத்தனை வருசம்னு யாரும் கேக்கலை" என்றார். நான் விடை சொல்லவில்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக அல்அனான் என்னும் தனித் தோழமை 1951 முதல் இயங்குகிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதைத் தொடங்கியவர்களுள் ஒருவர். பெயரைக் கேட்டு அரபுச் சொல் என்று எண்ண வேண்டாம். ஏ.ஏ. கூடும் வளாகத்திலேயே பல ஊர்களில் இதுவும் கூடுகிறது. கணவர் குடியை விட மறுத்தாலும் மனைவி மட்டும் செல்லலாம் என்பது பலருக்குத் தெரியாது.

மார்க்க அடிப்படையில் எழும் வேறு ஐயங்களும் உண்டு. ஏ.ஏ. கிறிஸ்தவம் அல்லவா? அதன் வேர் ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் உள்ளது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் பன்னிரண்டு படிகளில் எந்தத் தூதரின் பெயரும் இல்லை. நம்மைவிட உயர்ந்த ஆற்றல் என்றும், அவரவர் அறிந்தவாறான இறைவன் என்றும் மட்டுமே உள்ளது. முஸ்லிமுக்கு அவன் அல்லாஹ்; அதில் பேரம் இல்லை, அதை யாரும் அங்கே கேட்பதும் இல்லை. கூட்டத்தின் முடிவில் கைகோத்து ஒரு பிரார்த்தனை சொல்வார்கள். அவ்வேளையில் நம்மவர் மனத்துக்குள் தம் துஆவை ஓதிக்கொள்கிறார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1989இல் முஸ்லிம்கள் சிலர் இப்படிகளை இஸ்லாமிய நெறிக்கேற்ப மாற்றி மில்லத்தி இஸ்லாமி என்னும் தோழமையையே உருவாக்கினார்கள். நம் நாட்டில் அத்தகைய ஒன்று எழும்வரை காத்திருக்கச் சொல்லும் உரிமை நமக்கில்லை.

தவ்பாவின் நிபந்தனைகளை இமாம் நவவி ரியாளுஸ் ஸாலிஹீனில் வகுத்திருப்பதோடு இப்படிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்யேன் என உறுதிகொள்ளுதல். அடியாரின் உரிமை பற்றியதாயின் அதை உரியவரிடம் ஒப்படைத்தல். ஏ.ஏ.வின் எட்டாம், ஒன்பதாம் படிகள் தாம் தீங்கிழைத்தோரைப் பட்டியலிட்டு ஈடுசெய்வதைப் பற்றியவை. தன்னையே கணக்கெடுக்கும் நான்காம் படி நம் முஹாஸபாதான். அதனாலேயே பெயர்பெற்ற ஹாரித் அல்முஹாஸிபீ ஹிஜ்ரி 243இல் மறைந்தவர். வேறுபாடும் உண்டு. ஐந்தாம் படி, தன் தவற்றின் இயல்பை இன்னொரு மனிதரிடம் ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. நம்மிடம் மன்னிப்புக்கு மனித இடையாள் தேவையில்லை. ஆகவே முஸ்லிம் இதைப் பாவமன்னிப்பாக அன்றி, நவவி அனுமதித்த மருந்தாகவே கொள்ள வேண்டும்.

முதற்படியாகிய 'மதுவின் முன் நாங்கள் வலுவிழந்தவர்கள்' என்னும் ஒப்புதல்தான் உலமாக்களை அதிகம் தயங்க வைக்கிறது. வலுவிழந்தவனுக்குத் தக்லீஃப் ஏது, நோய் என்றால் பாவம் இல்லையா என்று கேட்கிறார்கள். நான் கண்ட அளவில் அச்சபையில் யாரும் இதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஒரு கோப்பை அருந்தியபின் அடுத்த கோப்பையை நிறுத்தும் ஆற்றல் தமக்கில்லை, ஆகவே முதற்கோப்பையைத் தொடாதிருப்பதே தம் பொறுப்பு என்கிறார்கள். தொடக்கம் பாவம், அதன் விளைவாக உடலில் ஏற்பட்டது நோய், அந்நோய்க்கு மருத்துவம் தேடுவது கடமை. மூன்றும் ஒரே ஆளிடம் ஒன்றாக இருக்கத் தடையில்லை.

இதனால் பயனுண்டா என்பதற்கு அனுபவக் கதைகள் மட்டும் போதா. 2020இல் காக்ரேன் அமைப்பு, 27 ஆய்வுகளில் பங்கேற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் முடிவுகளைத் தொகுத்தாராய்ந்தது. குடியை முற்றிலும் விட்டிருப்பதில், ஏ.ஏ.வோடு முறையாக இணைக்கும் சிகிச்சை ஏனைய உளவியல் சிகிச்சைகளுக்குக் குறையாததாகவும், சிலவற்றைவிட மேலானதாகவும் இருந்தது. எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று பொருளன்று. சிலர் இரண்டு கூட்டங்களோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு மருத்துவரும் மருந்தும் வேறு ஆலோசனையும் தேவை.

இந்தியாவில் 5.7 கோடிப் பேர் தீங்கு விளைவிக்கும் அளவிலோ அடிமையாகியோ குடிக்கிறார்கள் என்று 2019இல் வெளியான தேசிய ஆய்வு கூறிற்று. மதுவுக்கு அடிமையானவர்களுள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுகிறார் என்பதும் அதில் உள்ளது. நம் சமுதாயத்தில் அந்த ஒருவராவது கிடைப்பாரா என்பது ஐயமே. ஏனெனில் நம்மிடம் குடிப்பவர் இல்லை என்றே நாம் பேசிவருகிறோம். 2003 முதல் அரசே டாஸ்மாக் வழியாகச் சில்லறை விற்பனை நடத்தும் மாநிலத்தில், நம் மஹல்லாக்கள் மட்டும் எப்படித் தப்பியிருக்கும்? தெரியவந்தால் அபராதம், சந்தாப் புத்தகத்திலிருந்து நீக்கம், வீட்டு நிகாஹ்வுக்கு ஒத்துழையாமை. இதனால் குடி நின்ற வீடு எனக்குத் தெரிய எதுவும் இல்லை. ஒளிந்து குடிப்பது மட்டும் கூடியிருக்கிறது.

பெருமானார் (ஸல்) அவர்களின் சபையில் அப்துல்லாஹ் என்ற ஒருவர் இருந்தார். 'ஹிமார்' என்ற பட்டப்பெயர் கொண்டவர். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்டார். ஒருமுறை கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்று கூறியதைப் புகாரி பதிவு செய்கிறது. தண்டனை இருந்தது, சபையில் இடமும் இருந்தது. ஷாம் நாட்டில் ஒருவர் குடியில் வீழ்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட உமர் (ரலி), அவருக்கு ஃகாஃபிர் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களை எழுதி அனுப்பியதையும், அதைப் படித்து அவர் திருந்தியதையும், சகோதரன் சறுக்கும்போது அவனுக்கெதிராக ஷைத்தானுக்குத் துணை போகாதீர்கள் என்று உமர் கூறியதையும் இப்னு கஸீர் தம் தஃப்ஸீரில் எடுத்துரைக்கிறார்.

குடித்தவரின் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்னும் ஹதீஸைத் தவறாக விளங்கி, பள்ளிவாசல் பக்கமே வராமல் போனவர்கள் பலர். நம்மவரும் அவர்களுள் ஒருவர். இத்தகைய ஹதீஸ்களுக்கு இமாம் நவவி போன்றோர் தரும் விளக்கம், தொழுகைக்கான நற்கூலி கிட்டாது, ஆயினும் கடமை நிறைவேறிவிடும் என்பதாகும். தொழுகையை விடலாம் என்பதன்று. அதே ஹதீஸின் தொடர்ச்சியில், அவர் தவ்பாச் செய்தால் அல்லாஹ் ஏற்கிறான் என்றும் உள்ளது. இதை ஜுமுஆ மேடையில் ஒருமுறை விளக்கினேன். தொழுகை முடிந்ததும் முதியவர் ஒருவர், குடிகாரர்களுக்குத் துணிச்சல் கொடுக்கிறீர்கள் என்று கடிந்துகொண்டார். அடுத்த வாரம் இருவர் தனித்தனியே வந்து அந்தக் கூட்டம் எங்கே நடக்கிறது என்று கேட்டார்கள்.

நம்மவர் அதன்பின் ஒருமுறை, பதினோராம் மாதத்தில், சறுக்கினார். மறுநாளே கூட்டத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டார். அதிலிருந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. கூட்டம் வியாழன் மாலை ஆறரை மணிக்கு. மஃக்ரிபை அந்தப் பள்ளிக்கூடத்து வராந்தாவிலேயே தொழுதுகொள்கிறார். காவலர் அவருக்காக ஒரு பாயைச் சுருட்டி வைத்திருக்கிறார். எங்கள் ஊரிலிருந்து இப்போது நால்வர் போகிறார்கள். ஒரே பேருந்தில் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று ஆளுக்கொரு நேரமாகப் புறப்படுகிறார்கள். மதரஸாவின் பின்கட்டு அறையை வாரம் ஒரு மாலை வாடகைக்குத் தர முடியுமா என்று அவர் மூலம் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். இலவசமாக வேண்டாம், வாடகை என்னவென்று சொல்லுங்கள் என்றார்கள். நிர்வாகக் குழுவில் வைத்தேன். பெருநாளுக்குப் பிறகு பேசலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள்.